ஒரே மாத்திரை, இரண்டு உடம்பு

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கை நடுங்கும், நடை இறுகும், ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கும். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் எதையோ மெல்வதுபோல் தானாக அசையும். இதை டார்டிவ் டிஸ்கினீசியா என்பார்கள். அதே மாத்திரையை அதே அளவில் சாப்பிடும் இன்னொருவருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஏன்? நிதானமாகவே பார்ப்போம்.

மூளையில் டோபமைன் என்றொரு ரசாயனம் இருக்கிறது. ஓரிடத்தில் அது எண்ணங்களோடு சம்பந்தப்பட்டது. வேறோரிடத்தில் கைகால் அசைவைச் சீராக வைக்கிறது. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள், டோபமைன் வந்து ஒட்டும் டி2 என்ற ஏற்பிகளை மறித்துக்கொள்கின்றன. நோயால் காதில் கேட்ட குரல்கள் அடங்குகின்றன. ஆனால் இடம் பார்த்து மறிக்க மருந்துக்குத் தெரியாது. ஏற்பிகளில் ஏறக்குறைய 65 சதவீதம் மறிபட்டால் நோய் தணிய ஆரம்பிக்கும். 80 சதவீதத்தை நெருங்கினால் உடம்பு இறுக ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் இடம் கொஞ்சம்தான்.

நாம் எல்லோரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. 5 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருந்தால், சாப்பிட்ட எல்லோருக்குள்ளும் ஒரே அளவு மருந்துதான் இருக்கும் என்று நம்புகிறோம். பக்கவிளைவு வந்தால் டாக்டர் அதிகமாகக் கொடுத்துவிட்டார், இல்லையென்றால் இவருக்கு உடம்பில் தெம்பில்லை என்று முடிவு கட்டுகிறோம். அட்டையில் இருப்பது வாய்க்குள் போகும் அளவு மட்டும். இரண்டு தொட்டிகளில் ஒரே அளவில் குழாயைத் திறந்துவிடுங்கள். வடிகால் குறுகலாக உள்ள தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போகும். ஹாலோபெரிடாலுக்கு அப்படியொரு முக்கிய வடிகால், ஈரலில் உள்ள சிப்2டி6 என்ற நொதி. அது எவ்வளவு அகலம் என்பதை 22ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு தீர்மானிக்கிறது. ஐரோப்பியர்களில் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இந்த நொதி வேலையே செய்வதில்லை. கிழக்காசியர்களில் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அப்படி.

இது தெரியவந்த கதை சுவாரசியமானது. 1970களில் லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற மருந்தியல் ஆய்வாளர், டெப்ரிசோக்வின் என்ற இரத்த அழுத்த மருந்தைத் தன் சகாக்களோடு தானும் விழுங்கிப் பார்த்தார். அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு மட்டும் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வந்துவிட்டது. சிறுநீரைச் சோதித்தபோது, மற்றவர்கள் சிதைத்து வெளியேற்றிய மருந்தை அவர் உடம்பு அநேகமாகச் சிதைக்காமல் அப்படியே வெளியேற்றியது தெரிந்தது. அதைச் சிதைக்க வேண்டியிருந்ததும் இதே நொதிதான். ஆரோக்கியமான மனிதர், தெம்பில்லாதவர் அல்ல.

அப்படியானால் மரபணுவைச் சோதித்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? தெரியாது. இந்த நொதி மருந்தின் மட்டத்தைத்தான் சொல்லும். டார்டிவ் டிஸ்கினீசியா வருமா என்பதில் டோபமைன் ஏற்பிகளின் மரபணுக்களுக்கும் பங்கு உண்டா என்று தேடியிருக்கிறார்கள். கிடைத்ததெல்லாம் சின்னச் சின்னப் பங்குதான். வயதும், மருந்து சாப்பிட்ட வருடங்களும் அதைவிடக் கனமானவை. இன்னொன்று: சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபின் டாக்டர் தாராவும் ஸ்காட்லாந்தின் மெக்ரீடியும் மற்றவர்களும் சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தே தொடாத மனச்சிதைவு நோயாளிகள் சிலரிடமும் இதே மாதிரி அசைவுகள் இருந்தன. எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட முடியாது.

வடிகால் பிறவியிலேயே அகலமாக இருந்தாலும் இன்னொரு மருந்து வந்து அடைக்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்செடினும் பராக்செடினும் இதே நொதியை முடக்குபவை. ஆகவே டாக்டரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்; முன்பு எந்த மருந்தாவது சின்ன அளவிலேயே உங்களைப் படுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நடுக்கம் வந்தால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பிவிடக்கூடும்.