ஆய்வுகூடம் தந்த கம்பனித் தலைவர்

விஞ்ஞானப் பட்டம் பெற்ற பிள்ளை வியாபாரத்தில் இறங்கினால், "இவ்வளவு படிப்பும் வீணாகிப் போய்விட்டதே" என்று கவலைப்படும் பெற்றோர் நம்மிடையே இருக்கின்றனர். ஆய்வுகூடம் அறிவுக்குரியது, கம்பனி காசுக்குரியது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இது எவ்வளவு தூரம் சரியானது என்பதை விளங்கிக்கொள்ள கலாநிதி யூசுப் ஹமீதின் வாழ்க்கை நமக்கு உதவும்.

இவரது தகப்பனார் குவாஜா அப்துல் ஹமீத், பெர்லினில் இரசாயனவியல் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1935இல் பம்பாயில் 'சிப்லா' மருந்துக் கம்பனியை ஆரம்பித்தார். 1936இல் பிறந்த யூசுப், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் டொட் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்து கலாநிதியானார். டொட் 1957இல் நோபல் பரிசு பெற்றவர். அத்தகைய ஆசானிடம் பயின்றவர் 1960இல் நாடு திரும்பி, தகப்பனாரின் கம்பனியில் சேர்ந்தார்.

அங்கே அவரது படிப்பு வீணாகவில்லை. மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே ஆக்கவுரிமை உண்டு, மருந்துக்கு இல்லை என்ற சட்டம் 1972இல் இந்தியாவில் அமுலுக்கு வந்தது. நமது வீட்டு உதாரணம் ஒன்றைச் சொல்வதானால், ஒருவர் வட்டிலப்பம் செய்யும் முறை அவருக்கே சொந்தம். ஆனால் வேறு முறையில் வட்டிலப்பம் செய்ய மற்றவருக்குத் தடையில்லை. அந்த 'வேறு முறையை'க் கண்டுபிடிப்பது இரசாயனவியலாளரின் வேலையல்லவா? ஆய்வுகூடத்தில் பெற்ற பயிற்சி இப்போது கம்பனியின் மூலதனமாயிற்று.

இதன் பெரும் பயன் எயிட்ஸ் நோய் விடயத்தில் வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் இந்நோயை அடக்கிவைக்கும் மூன்று மருந்துகளுக்கு ஒரு நோயாளி ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் செலவிட வேண்டியிருந்தது. ஆபிரிக்காவில் மருந்திருந்தும் வாங்க வழியின்றி இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 2001 பெப்ரவரியில் ஹமீத், அதே மருந்துகளை ஆண்டுக்கு 350 டொலருக்கு, அதாவது நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைவாக, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார்.

வெவ்வேறு கம்பனிகள் ஆக்கவுரிமை வைத்திருந்த அம்மூன்று மருந்துகளையும் சிப்லா ஒரே குளிசையில் சேர்த்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று விழுங்கினால் போதும். படிப்பறிவற்ற ஏழைக்கும் இது இலகுவாயிற்று.

பெரிய கம்பனிகள் சில இதனைத் திருட்டு என்றன. புதிய மருந்தைக் கண்டுபிடிக்கப் பெருந்தொகை செலவாகிறது. அதனை ஈடுசெய்யாவிட்டால் ஆராய்ச்சியே நின்றுவிடும் என்பது அவர்களது வாதம். அதைப் புறந்தள்ளிவிட முடியாது. தமது நாட்டுச் சட்டத்தை மீறவில்லை என்பது ஹமீதின் பதில். 2005இல் இந்தியச் சட்டமும் மாறி, மருந்துக்கே ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. ஆயினும் குறைந்த விலையில் தயாரிக்க முடியும் என்ற உண்மை அதற்குள் உலகறிந்ததாகிவிட்டது.

2013இல் அவர் முகாமைப் பணிப்பாளர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 2020இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தனது இரசாயனவியல் துறைக்கு அவரது பெயரைச் சூட்டியது.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ விஞ்ஞானம் கற்றபின் எந்தக் கதிரையில் அமர்கிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். கற்றது யாருடைய கைக்குப் போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள். விலையைத் தீர்மானிக்கும் கதிரையில் மருந்தின் சூத்திரம் அறிந்த ஒருவர் இருந்ததனால்தான் அந்தக் குளிசை ஏழையின் வீட்டுக்கும் வந்தது.