வீட்டு மாடியில் ஒரு செப்புக் கம்பி: ஹாம் வானொலிக்கு எந்த ஏரியல்?

'ஹாம் ரேடியோ' எனப்படும் அமெச்சூர் வானொலி நம் வாசகர்களில் பலருக்குப் புதிதல்ல. மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர், உரிமம் பெற்ற மற்றொருவருடன் வீட்டிலிருந்தே வானொலி மூலம் பேசலாம். வியாபாரம் பேசக் கூடாது. தொழில்நுட்ப விஷயங்களும் சொந்த நலவிசாரிப்பும் பேசலாம்.

ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது அந்தமானில் தொலைபேசித் தொடர்பு வெகுவாகத் துண்டிக்கப்பட்டது. அப்போது போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்து இயக்கிக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும், தீவிலிருந்தவர்களைப் பற்றிய செய்திகளை வானொலி வழியே கரைக்கு எட்டச் செய்தனர். உறவுகளை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

இத்துறையில் நுழையும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "மாடியில் எந்த ஏரியல் கட்டலாம்?" என்பதே. அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நான் யாருடன் பேச வேண்டும்?" ஏரியலை அதுதான் தீர்மானிக்கிறது.

தண்ணீர்க் குழாய் உதாரணம்

தோட்டத்துக் குழாயை நெட்டுக்குத்தாகப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சினால், அது நம்மைச் சுற்றியே விழும். சாய்த்துப் பீய்ச்சினால் தூரத்தில் போய் விழும். இடையிலுள்ள தரை நனையாது. வானொலி அலைகளும் இப்படித்தான். பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலம் அவற்றைத் திருப்பி அனுப்புகிறது. நேர் மேலே செல்லும் அலை நம்மைச் சுற்றிச் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். தாழ்ந்த கோணத்தில் செல்லும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும்.

பெங்களூரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை சுமார் 290 கி.மீ.; மதுரை 340 கி.மீ.; திருநெல்வேலி 470 கி.மீ.; யாழ்ப்பாணம் சுமார் 450 கி.மீ. ஆக, நம் உறவினர் இருக்கும் ஊர்களெல்லாம் நெட்டுக்குத்து அலை இறங்கும் வட்டத்துக்குள்ளேயே அடங்குகின்றன. போர்ட் பிளேர் சுமார் 1,650 கி.மீ.; அதற்குத்தான் சாய்ந்த அலை தேவை.

பகலில் 40, இரவில் 80

தாழ்ந்த அலைவரிசைகளில் நமக்கு உதவுபவை இரண்டு. 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது 40 மீட்டர், 3.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது 80 மீட்டர். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், பகலில் நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம் வலுவாக இருக்கும். 40 மீட்டர் அலையைப் பெரும்பாலும் நேர் கீழே திருப்பி அனுப்பும். இரவு ஏறும்போது அந்த வலு குறையும். 40 மீட்டர் அலை பக்கத்து ஊர்களைத் தாண்டிப் போய்விடும். அப்போது 80 மீட்டர் கைகொடுக்கும்.

கம்பியின் நீளம்

143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை ஏரியலின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.1 மீட்டர், அதாவது நடுவிலிருந்து பக்கத்துக்குப் பத்து மீட்டர். 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். மர்பி டவுன், அல்சூர்ப் பக்கத்து வீடுகளில் அதற்கு இடமேது? 30க்கு 40 அடி மனையின் மூலைவிட்டமே 50 அடி, அதாவது 15 மீட்டர்தான்.

ஆகவே என் பரிந்துரை, 40 மீட்டருக்கான 'தலைகீழ் வி' ஏரியல். மாடி நடுவில் ஆறு மீட்டர் ஜி.ஐ. பைப் நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து இரு பக்கமும் கம்பியைச் சரிவாக மூலைகளுக்கு இறக்குங்கள். மூலைகளில் ஆள் உயரத்துக்கு மேல் கம்பி நிற்குமாறு சிறு கழிகள் நட்டால், பக்கத்துக்கு எட்டு மீட்டருக்குச் சற்று மேல் அடங்கிவிடும். மீதியைக் கைப்பிடிச் சுவரின் போக்கில், அதே உயரத்தில் மடக்கிக் கட்டலாம். மின்னோட்டம் அதிகமாகப் பாய்வது நடுப்பகுதியில்தான் என்பதால், முனையை மடக்குவதால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் முனையில் மின்னழுத்தம் அதிகம். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

உயரம் போதாதே என்று கவலைப்பட வேண்டாம். தரையிலிருந்து பத்து மீட்டர் என்பது 40 மீட்டரில் கால் அலை உயரம். அலையை நேர் மேலே அனுப்ப அது நல்ல உயரமே. கோபுரம் கட்டி உயர்த்தினால் தூர தேசம் கிடைக்கும், மதுரை மங்கிப் போகலாம். செங்குத்து ஏரியலும் அப்படியே. தூரத்துக்கு நல்லது, பக்கத்துக்கு ஆகாது. 80 மீட்டரையும் சுருள் வைத்துக் குட்டையாக்கி இதே மாடியில் கட்டலாம், திறன் குறையும். அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும் முறை

நடுவில் 50 ஓம் கோஆக்சியல் கேபிளை இணைத்து, ஈரம் புகாமல் அடைக்கவும். கம்பியை முதலில் சற்று நீளமாக வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துக்கொண்டே இரு முனைகளிலும் சமமாகக் குறைக்கவும். ஒரு முனையைத் தென்னையில் கட்டுவதானால், மரம் ஆடும்போது கம்பி அறுந்துவிடும். ரயில் பாதையில் 25,000 வோல்ட் கம்பி தொய்யாமலிருக்க, கப்பி வழியே எடைக் கட்டைகளைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான்: மரத்தில் கப்பி, நைலான் கயிறு, கயிற்றின் நுனியில் இரண்டு செங்கல். மரம் ஆடினால் செங்கல் ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும்.

இனிச் சொல்வது எல்லாவற்றிலும் முக்கியம். தெரு மின்கம்பிக்கு மேலோ கீழோ ஏரியல் போகவே கூடாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில் நிறுத்தி, ஸ்டே கயிறுகளால் இழுத்துக் கட்டுங்கள். அவ்வளவு இடமில்லையெனில் கம்பத்தைக் குட்டையாக்குங்கள். கம்பத்துக்கு எர்த் கொடுங்கள். ஏப்ரல், மே மாத இடிமழைக் காலத்தில், பேசாத நேரமெல்லாம் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

கம்பி, கேபிள், கயிறு, பைப் என இதற்கு வேண்டிய சாமான்கள் சொற்பமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் சேர்ந்தால் வேலை முடியும். ஊரிலிருக்கும் தம்பியோ மருமகனோ உரிமம் வாங்கி இதேபோல் ஒரு கம்பி கட்டிவிட்டால், பாட்டரி இருக்கும்வரை, நடுவில் எந்தக் கோபுரமும் இல்லாமல் இரு வீடுகளும் பேசிக்கொள்ளலாம். பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். கம்பியை நாம் கட்டிக்கொடுப்போம்.