வளவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

ஓட்டமாவடியில் ஒரு பெண் பிள்ளை பிறந்தால் கூடவே வீட்டுக் கவலையும் பிறந்துவிடுகிறது. மட்டக்களப்புப் பகுதியில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கே வருகிறார். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கு ஒரு வளவு தேடுவதே பெற்றோரின் வாழ்நாள் வேலையாகிவிடுகிறது. வாப்பா வயலை விற்பார். உம்மா வெளிநாடு போவார். சீதனம் சரியா பிழையா என்பதை இன்னொரு நாள் பேசுவோம். எனக்கு அதில் கடுமையான அபிப்பிராயம் உண்டு. இங்கே நான் சொல்ல வருவது, இத்தனை பாடுபட்டு வாங்கும் வீடு கடதாசியில் யாருடையது என்பதைப் பற்றியே.

வீடுவீடாகச் செல்லும் எனது வேலையில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது: "வளவொண்டு பாத்திருக்கம் மிஸ். அட்வான்ஸும் குடுத்தாச்சி." உறுதியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "அவர் நல்ல மனிசன் மிஸ்" என்பார்கள். நல்ல மனிதராகவே இருக்கட்டும். தனக்கு உரித்தில்லாத காணியை நல்ல மனிதராலும் விற்க முடியாது. பல வேளைகளில் தனக்கு உரித்தில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

எமது பிரதேசத்தில் எல்லாக் காணிக்கும் உறுதி கிடையாது. அரசாங்கக் காணிகள் பலவற்றுக்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரம் மட்டுமே இருக்கும். சிலவற்றுக்கு சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் அளிப்புப் பத்திரம் இருக்கும். அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக் காணிபோல் விற்க முடியாது. அளிப்புக் காணியைக் கைமாற்றுவதென்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முதலில் வேண்டும். அது இல்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது. ஆகவே, "விலை என்ன?" என்று கேட்பதற்கு முன், "இது என்ன காணி?" என்று கேளுங்கள். விடை சந்தேகமாக இருந்தால் பத்திரத்தின் பிரதியோடு கோறளைப்பற்று மேற்குப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய் விசாரியுங்கள்.

உறுதிக் காணி என்றால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை சட்டத்தின் கண்ணில் விற்பனையே அல்ல. விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதுவே விதி. கொப்பித் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்து வைத்துத் தரும் "கடிதம்" பணம் கொடுத்ததற்கு அத்தாட்சியாகலாம். காணியை உங்களுக்குத் தராது. அட்வான்ஸ் கொடுப்பதாயின் நொத்தாரிசிடம் உடன்படிக்கை எழுதிக் கொடுங்கள்.

அதற்கும் முன்னர், மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். சட்டத்தரணிகள் வழக்கமாக 30 வருடங்கள் பின்னோக்கிப் பார்ப்பார்கள். காணி வங்கியில் ஈட்டில் இருக்கிறதா, முன்னரே ஒருவருக்கு எழுதப்பட்டுவிட்டதா, தாய்க்கோ தகப்பனுக்கோ சீவிய உரித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பவை அங்கேதான் தெரியவரும். 1990 இல் இடம்பெயர்ந்தபோது உறுதி தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரட்டைப் பிரதியும் பதிவகத்துக்குப் போகிறது. பதிவேடு அழியாதிருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உங்கள் உறுதி எழுதி முடிந்ததும் பதிவுக்குத் தாமதிக்கக் கூடாது. அதே காணியை விற்றவர் பிறகு இன்னொருவருக்கும் எழுதி, அவர் உங்களுக்கு முன் பதிந்துவிட்டால் சட்டம் அவர் பக்கம் சாயக்கூடும்.

நம் ஊரில் அதிகம் சிக்கல் தருவது மௌத்தானவர்களின் காணி. தகப்பன் எழுதி வைக்காமல் மௌத்தானால் 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு பிரியும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. மூத்த மகன் தனியே கையெழுத்து வைத்தால் நீங்கள் வாங்கியது அவருடைய பிரிக்கப்படாத பங்கை மட்டுமே. முழு வளவுக்கும் பணம் கொடுத்துவிட்டு, பத்து வருடத்துக்குப் பின் அவருடைய ராத்தா வாசலில் வந்து நின்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வாரிசும் கையெழுத்து வைக்கட்டும். "தங்கச்சிமார் ஒண்டும் சொல்ல மாட்டாங்க" என்ற பேச்சை ஏற்காதீர்கள். அந்தத் தங்கச்சிமாரும் எங்களைப் போன்ற பெண்கள்தான்.

இனி, உறுதியில் யார் பெயர்? 2004 சுனாமியில் கிழக்குக் கரையில் வீடிழந்த பெண்களில் பலர் சீதனமாகப் பெற்ற வளவின் சொந்தக்காரிகளாக இருந்தவர்கள். புதிய வீட்டுத்திட்டங்களிலோ "குடும்பத் தலைவர்" என்று பல இடங்களில் கணவனின் பெயரே எழுதப்பட்டது. தாய்வழியாக வந்த வீடு ஒரு படிவத்தின் ஒரு சொல்லில் கைமாறிப் போனது. காணி அபிவிருத்திச் சட்டமும் பின்னுரித்தில் ஆண் பிள்ளைகளுக்கே முன்னுரிமை கொடுத்து வந்தது. அது திருத்தப்பட்டது 2022 இல்தான், 87 வருடங்களுக்குப் பிறகு! உங்கள் வீட்டில் பழைய அனுமதிப்பத்திரம் இருந்தால், பின்னுரித்தாளராக யார் பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். பெயரை மாற்றுவதானால் அதையும் பிரதேச செயலகத்தில்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, குவைத்திலும் சவூதியிலும் உழைத்துக் காசு அனுப்பும் சகோதரிகளுக்கு. நீங்கள் ஊரில் இல்லை என்பதற்காகக் கணவன் பெயரிலோ நானா பெயரிலோ வளவு வாங்க வேண்டிய அவசியமில்லை. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி, உறுதியை உங்கள் பெயரிலேயே முடிப்பிக்கலாம். தத்துவத்தில் "காணி வாங்க" என்று மட்டும் எழுதுங்கள். "விற்க, ஈடு வைக்க" என்ற சொற்கள் வேண்டாம். காசு அனுப்பிய வங்கித் துண்டுகளையும் எறியாமல் வைத்திருங்கள்.