பனியன் எங்கிருந்து வந்தது?

மதுரை தல்லாகுளம் ஜவுளிக்கடையில் பனியன் கேட்டால், "கை வச்சதா, கை இல்லாததா? எண்பத்தஞ்சா, தொண்ணூறா?" என்று கேட்பார்கள். சென்டிமீட்டரில் மார்பளவைச் சொன்னால் போதும், பெட்டி கைக்கு வந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டு லண்டன் தையற்காரரிடம் இதே பெயரைச் சொல்லியிருந்தால், முழங்காலுக்குக் கீழே தொங்கும் பகட்டான அங்கிக்கு அளவெடுத்திருப்பார்.

பனிக்காலத்துக்கும் பனியனுக்கும் தொடர்பில்லை. குஜராத்தியில் வணிகரை 'வாணியோ' என்பார்கள். அரபியர், போர்த்துகீசியர் வாய்வழியே அது ஆங்கிலத்தில் 'பனியன்' ஆனது. பாரசீக வளைகுடாக் கரையில் இந்த வணிகர்கள் கூடிய மரத்தை ஐரோப்பியர் அவர்கள் பெயராலேயே அழைக்க, ஆலமரத்துக்கு ஆங்கிலப் பெயர் கிடைத்தது. அவர்கள் புலால் உண்ணாதவர்கள் என்பதால், பிரிட்டிஷ் கடற்படையில் இறைச்சி கிடைக்காத நாளுக்கு அந்தக் காலத்தில் 'பனியன் நாள்' என்று பெயர் இருந்தது. 'பனியா' எனப்படும் அதே வணிகச் சமூகத்தில் பிறந்த காந்தி, 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில்தான் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார்.

இந்திய வணிகர்களின் தளர்வான உடையை நினைவூட்டியதால் அந்த லண்டன் அங்கிக்கும் அவர்கள் பெயரே ஒட்டிக்கொண்டது. டச்சுக்காரர்கள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த கிமோனோவின் வெட்டும் அதில் கலந்திருந்தது. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியிலும் தைத்தார்கள். நம் கரையில் சாயமேறிய துணி அங்கே கனவான்களின் வீட்டு உடையானது. வெளியே பொய்முடியும் இறுக்கமான கோட்டுமாகத் திரிந்தவர்கள், வீடு திரும்பியதும் அவற்றைக் கழற்றிவிட்டு மெல்லிய தொப்பியும் பனியனுமாக உட்கார்ந்து படித்தார்கள். அறிவாளி என்று காட்டிக்கொள்ள அதே கோலத்தில் ஓவியமும் வரையச் சொன்னார்கள். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ், 1666-இல் தன் ஓவியத்துக்காக இப்படியொரு இந்திய அங்கியை வாடகைக்கே எடுத்தார்!

அந்தப் பெயர் உள்ளாடைக்கு எப்படிப் போனது? இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர், வெயிலுக்கு உள்ளே போட்ட மஸ்லின் சட்டையையும் 'பனியன்' என்றார்கள். பிறகு இயந்திரத்தில் பின்னிய, இழுத்தால் நீளும் உள்ளாடைக்கு அதே பெயர் நிலைத்துவிட்டதை 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி பதிவு செய்திருக்கிறது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் அதன் ஆசிரியர்களில் ஒருவர்.

இங்கிலாந்தில் அங்கியோடு பெயரும் வழக்கொழிந்தது. உழைத்து வியர்ப்பவரின் உடம்போடு ஒட்டிக்கொண்டதால் நம் ஊரில் அது பிழைத்தது என்பதே என் எண்ணம். திருப்பூரில் அதன் பொருள் இன்னும் விரிந்திருக்கிறது: வெளிநாட்டுக்கு டி-ஷர்ட் தைத்து அனுப்பும் ஆலைக்கும் அங்கே 'பனியன் கம்பெனி' என்றுதான் பெயர். மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அங்கே வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், "பனியன் கம்பெனியில இருக்கான்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.