பாரிஸிலிருந்து வந்த ஐ.பி.எல் கருவி... நம்ம ஊர்த் தோலுக்கு ஒத்துவருமா?

ஐ.பி.எல் என்றதும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ஆனால், கை, கால், அக்குளில் வளரும் முடியை ஒளியால் குறைக்கும் கருவிக்கும் அதே பெயர்தான். வேக்ஸிங் வலி இல்லை, பார்லருக்கு அலையவும் வேண்டாம் என்பதால் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் உண்டு. காரைக்காலுக்கு இது வந்து சேர இன்னொரு வழியும் இருக்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால், பிரான்ஸில் சொந்தபந்தம் இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. விடுமுறைக்கு வரும் அக்காவோ சித்தியோ சென்ட், சாக்லேட்டோடு இந்தக் கருவியையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம்.

அதை பிளக்கில் மாட்டும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். அது உங்கள் தோல் நிறத்துக்கு ஏற்றதா?

எப்படி வேலை செய்கிறது?

இது லேசர் அல்ல. கேமரா ஃபிளாஷ் போலப் பளிச்சென்று வெட்டும் பலமான ஒளி. முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு மயிர்க்காலைப் பாதிப்பதால் முடி வளர்வது குறைகிறது. நரைத்த முடியில் மெலனின் இல்லை என்பதால் அங்கே பலனும் இல்லை.

சிக்கலும் இந்த மெலனினில்தான். அது தோலிலும் இருக்கிறது. வெளுத்த தோலில் கறுப்பு முடி என்றால் ஒளி பெரும்பாலும் முடிக்கே போய்ச் சேரும். மாநிறத்திலும் கறுப்பிலும் ஒரு பங்கைத் தோலே பிடித்துக்கொள்ளும். விளைவு, எரிச்சல், கொப்புளம், புண் ஆறியும் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டு.

நீங்கள் எத்தனையாவது நம்பர்?

வெயிலில் தோல் எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு கறுக்கிறது என்பதை வைத்து 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் ஓர் அளவுகோலை உருவாக்கினார். முதலில் அது வெள்ளைத் தோலுக்காகவே வந்தது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உரிய 5, 6 பிரிவுகள் பிறகுதான் சேர்ந்தன. நம்மில் பெரும்பாலோர் 4, 5, சிலர் 6.

வீட்டுக் கருவிகள் பொதுவாக 6-ம் வகைத் தோலுக்கு வேண்டாம் என்கின்றன. சில கருவிகள் 5-லும் தயங்குகின்றன. கையேடு பிரெஞ்சில் இருந்தாலும் கவலையில்லை, தோல் நிற அட்டவணை படமாகத்தான் இருக்கும். எந்த இடத்தில் பயன்படுத்தப்போகிறீர்களோ, அந்த இடத்தை அதோடு ஒப்பிடுங்கள். கையும் அக்குளும் ஒரே நிறத்தில் இருக்காது. பாரிஸ் அக்காவுக்கு ஒத்துவந்த அளவு, காரைக்கால் வெயிலில் வண்டி ஓட்டும் தங்கைக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை.

செய்ய வேண்டியவை

* முதல் நாளே ஷேவ் செய்யுங்கள். வேக்ஸிங், த்ரெடிங் வேண்டாம். வேரோடு பிடுங்கினால் ஒளி பிடிக்க அங்கே முடியே இருக்காது.
* குறைந்த அளவில், ஒரு சின்ன இடத்தில் மட்டும் சோதித்துப் பாருங்கள். 24 முதல் 48 மணி நேரம் காத்திருந்து, பிரச்னை இல்லை என்றால் தொடருங்கள்.
* ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒளி பாய்ச்சாதீர்கள்.
* வெயிலில் கறுத்திருந்தால் பழைய நிறம் திரும்பும்வரை தள்ளிப்போடுங்கள். பயன்படுத்திய பிறகு வெளியே போனால் சன்ஸ்கிரீன் அவசியம்.

செய்யக் கூடாதவை

* கண்ணைச் சுற்றி, புருவத்தில் வேண்டாம். ஒளியை நேராகப் பார்க்கவும் கூடாது.
* மச்சம், பச்சை குத்திய இடம், புண் மீது வேண்டாம். மருதாணிச் சாயம் முழுதும் போன பிறகே அந்த இடத்தில் பயன்படுத்தலாம்.
* ஆண்கள் தாடிப் பகுதியில் பயன்படுத்தக் கூடாது.
* கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

லேசான சூடும் சிவப்பும் சில மணி நேரத்தில் போய்விடும். சுட்டுவிட்டால் அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் பூசாதீர்கள். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

நிரந்தரத் தீர்வா?

இல்லை. முடி குறையும், மெலியும், ஒரேயடியாகப் போய்விடாது. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளரும் பருவத்தில் இருக்காது என்பதால் கருவியைப் பொறுத்து வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ, சில மாதங்கள் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் திரும்பி வரும். அடுத்த வாரம் கல்யாணம் என்று இந்த வாரம் ஆரம்பிப்பது வீண்.

நல்ல கறுப்பு நிறத்தவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. தோல் மருத்துவரிடம் செய்துகொள்ளும் என்.டி. யாக் லேசர், தோலின் மெலனினில் குறைவாகவே சிக்குவதால் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது.

தாடையில் திடீரென முடி வளர்கிறதா?

பெண்களுக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் தடித்த முடி புதிதாக வளர்ந்து, மாதவிலக்கும் தள்ளிப்போனால், முதலில் வாங்க வேண்டியது கருவியல்ல, மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட். பி.சி.ஓ.எஸ் போன்ற ஹார்மோன் மாற்றம் காரணமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை எடுக்காமல் ஒளியை மட்டும் நம்பினால், முடி வந்துகொண்டேதான் இருக்கும். முகத்தில் ஒளி பாய்ச்சிய பிறகு முடி கூடுதலாக வளர்ந்தவர்களும் உண்டு.

கை காலில் முடி இருப்பது நோயும் அல்ல, குறையும் அல்ல. எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். எடுப்பதென்றால், தோலைச் சுட்டுக்கொள்ளாமல் எடுங்கள்.