வட கொரியாவின் ஏவுகணைகளும் அயல்நாடுகளின் பாதுகாப்பும்

மாணவர்களே, சர்வதேசப் பிரச்சினைகள் பற்றிய வினா வந்தால் உங்களிற் பலர், "வட கொரியா அணுகுண்டைப் பரிசோதித்தது, உலக நாடுகள் கண்டித்தன" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறீர்கள். இது பிழையன்று. ஆனால் முழுப் புள்ளியும் பெற்றுத்தரும் விடையுமன்று. எந்த நாடு, எதற்கு அஞ்சி, என்ன செய்தது என்று பிரித்துக் காட்டுவதே சிறந்த விடையாகும். ஏனெனில் ஒரே ஏவுகணையை ஒவ்வோர் அயல்நாடும் வெவ்வேறு ஆபத்தாகவே பார்க்கிறது.

1. பின்னணி

கொரிய யுத்தம் 1950 இல் ஆரம்பித்து 1953 யூலை 27 இல் போர்நிறுத்த உடன்படிக்கையுடன் நின்றது. சமாதான ஒப்பந்தம் இற்றைவரை கைச்சாத்திடப்படவில்லை. தென் கொரியாவில் ஐக்கிய அமெரிக்கப் படைகள் தொடர்ந்து நிலைகொண்டுள்ளன. தனது ஆட்சியைக் காக்க அணுவாயுதம் அவசியம் என்பதே வட கொரியாவின் வாதமாகும்.

காலவரிசையை மனதிற் பதித்துக்கொள்ளுங்கள்.

• 1985 – அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது.
• 1994 – ஐக்கிய அமெரிக்காவுடன் உடன்பாடு. யொங்பியொன் அணு நிலையத்தின் பணிகளை நிறுத்த இணங்கியது. பதிலாக இரு மின் அணு உலைகளும் ஆண்டுதோறும் 500,000 தொன் எரிபொருள் எண்ணெயும் வழங்க உறுதியளிக்கப்பட்டது.
• 2003 – முன்னைய உடன்பாடு முறிந்த நிலையில், பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.
• 2006 ஒக்டோபர் 9 – முதலாவது அணுப் பரிசோதனை. தொடர்ந்து 2009, 2013, 2016 (இருமுறை), 2017 ஆகிய ஆண்டுகளிலும் பரிசோதித்தது.
• 2017 – கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைப் பரிசோதித்தது.

2. அயல்நாடுகளின் பிரதிபலிப்புகள்

அ) தென் கொரியா
தலைநகர் சியோல் எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. அதனைத் தாக்க அணுகுண்டு தேவையில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள பீரங்கிகளே போதும். 1994 இல் யொங்பியொன் நிலையத்தைத் தாக்குவது பற்றி ஐக்கிய அமெரிக்கா ஆராய்ந்தது. அவ்வாறு தாக்கினால் முதலில் மடிவது சியோல் மக்களே என்பதால் தென் கொரியா அதனை விரும்பவில்லை. அவ்வாண்டு யூனில் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் பியொங்யாங் சென்று பேசியதை அடுத்தே பதற்றம் தணிந்தது. எனவே தென் கொரியாவின் கொள்கை இரு முனைகளைக் கொண்டது. ஒருபுறம் 2000, 2018 ஆம் ஆண்டுகளின் உச்சி மாநாடுகள் போன்ற பேச்சுவார்த்தைகள். மறுபுறம் அமெரிக்கக் கூட்டணியும் சொந்த ஏவுகணைப் பலமும்.

ஆ) யப்பான்
1998 ஓகஸ்ட் 31 இல் வட கொரியா ஏவிய றொக்கட் யப்பானுக்கு மேலாகப் பறந்து பசிபிக் சமுத்திரத்தில் வீழ்ந்தது. கடல் நடுவே இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் அன்றோடு தகர்ந்தது. யப்பான் சொந்த உளவுச் செய்மதிகளை 2003 முதல் விண்ணுக்கு அனுப்பியது. ஏவுகணை எதிர்ப்பு முறைமையையும் ஏற்படுத்தியது. யுத்தத்தைத் துறந்த அரசியலமைப்பைக் கொண்ட அந்நாடு, 2022 டிசெம்பரில் எதிரியின் தளங்களைத் திருப்பித் தாக்கும் ஆற்றலைப் பெறவும் தீர்மானித்தது.

இ) சீனா
சீனாவின் அச்சம் வேறானது. வட கொரிய அரசு வீழ்ந்தால் அகதிகள் எல்லை தாண்டுவர். அமெரிக்கப் படைகள் சீன எல்லைவரை நெருங்கக்கூடும். ஆகவே 2006 இல் பாதுகாப்புச் சபையின் தடைகளுக்கு ஆதரவளித்த சீனா, அத்தடைகள் வட கொரியாவை வீழ்த்திவிடாதபடியும் பார்த்துக்கொண்டது. 2003 இல் பீஜிங்கில் ஆரம்பித்த ஆறு நாடுகளின் பேச்சுவார்த்தையைச் சீனாவே நடத்தியது. இரு கொரியாக்கள், சீனா, யப்பான், ரஷ்யா, ஐக்கிய அமெரிக்கா என்பன பங்குபற்றிய இப்பேச்சுவார்த்தையிலிருந்து 2009 இல் வட கொரியா வெளியேறியது.

ஈ) ரஷ்யா
ரஷ்யாவும் நீண்டகாலம் தடைகளுக்கு ஆதரவாக வாக்களித்தது. 2022 இல் உக்ரேன் யுத்தம் விரிவடைந்தபின் நிலைமை மாறியது. 2024 மார்ச்சில், தடைகளைக் கண்காணித்த நிபுணர் குழுவின் காலநீடிப்பை ரஷ்யா வீற்றோ அதிகாரத்தால் தடுத்தது. அவ்வாண்டு யூனில் இரு நாடுகளும் பரஸ்பர இராணுவ உதவிக்கான ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன.

3. பாதுகாப்புத் தேடுவதால் வளரும் அச்சம்

இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே. ஒரு நாடு தன்னைக் காக்கச் செய்யும் ஏற்பாடு மற்றொரு நாட்டுக்கு அச்சுறுத்தலாகத் தோன்றலாம்.

சிறந்த உதாரணம் தென் கொரியாவில் 2017 இல் நிறுவப்பட்ட 'தாட்' ஏவுகணை எதிர்ப்பு முறைமையாகும். அது வட கொரிய ஏவுகணைகளைத் தடுக்கவே எனத் தென் கொரியா கூறியது. ஆனால் அதன் ராடர் தனது நிலப்பரப்பையும் நோட்டமிடும் எனச் சீனா கடுமையாக எதிர்த்தது. தென் கொரியாவுக்கான சீன உல்லாசப் பயணிகளின் குழுப் பயணங்கள் நிறுத்தப்பட்டன. ஏவுகணையை ஏவியது வட கொரியா. வருமானத்தை இழந்தோரோ தென் கொரிய வணிகர்கள்.

இதே கண்ணால் வட கொரியாவையும் பாருங்கள். அமெரிக்க – தென் கொரியக் கூட்டு இராணுவப் பயிற்சிகளைத் தன்மீதான படையெடுப்பின் ஒத்திகை என்று அது கூறுகிறது. அதன் செயல் நியாயம் என்பது இதன் பொருளன்று. அச்சம் எவ்வாறு ஆயுதமாகிறது, அந்த ஆயுதம் எவ்வாறு மறுபக்கத்தில் புதிய அச்சமாகிறது என்பதை விளங்கிக்கொள்ளவே இது கூறப்படுகிறது.

4. விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

• 'போக்கிரி நாடு' என்பது அமெரிக்க அரசியல்வாதிகள் பயன்படுத்திய சொல். அதனை உங்கள் முடிவாக எழுதாது, யார் கூறியது என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.
• போர்நிறுத்த உடன்படிக்கையையும் சமாதான ஒப்பந்தத்தையும் ஒன்றெனக் கொள்ளாதீர்கள்.
• ஒவ்வொரு நாட்டுக்கும் 'அச்சம் – நடவடிக்கை – விளைவு' என்ற ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

பயிற்சி வினா

"ஒரு நாட்டின் பாதுகாப்பு இன்னொரு நாட்டின் பாதுகாப்பின்மையாகலாம்." வட கொரியாவின் அயல்நாடுகளுள் இரண்டினை உதாரணமாகக் கொண்டு விளக்குக.