முளைவிட்ட சௌசௌவை நடலாமா?

சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவில் வாங்கிய சௌசௌ, சமையல்கட்டு மூலையில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால் தானே முளைவிடும். அதைக் கண்டதும், "இவ்வளவு சுலபமாக முளைக்கிறதே, கால் ஏக்கரில் பந்தல் போட்டால் என்ன?" என்று தோன்றுவது இயல்பு. பந்தலுக்குக் கல்லும் கம்பியும் வாங்குமுன் இக்கொடியின் குணத்தை அறிந்துகொள்வது நலம்.

பெங்களூர் கத்தரிக்காய் என்றும் இதைச் சொல்வார்கள். கத்தரிக்கும் இதற்கும் உறவு இல்லை. பூசணி, புடலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நம் மாநிலத்தில் பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரங்களில் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள்.

ஒரு காய்க்குள் ஒரே விதைதான். பாகல் விதையைப் போல் உலர்த்திச் சாம்பலில் புரட்டிச் சேமிக்க இயலாது. காயிலிருந்து பிரித்துக் காயவைத்தால் விதை செத்துவிடும். ஆகவே முழுக்காயையே நட வேண்டும். முளைவிட்டபின் சில வாரங்களுக்குக் காயின் சதையே கன்றுக்கு உணவு.

நன்கு முற்றிய, அடிபடாத காயாக எடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் நாள்கணக்கில் இருந்த காய் வேண்டாம். மஞ்சள் தேமல் கண்ட கொடியிலிருந்தும் எடுக்கக் கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், உலர்ந்த மணல் அல்லது வைக்கோல் மேல் பரப்பி வையுங்கள். தண்ணீர் தெளித்தால்தான் முளைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காய் அழுகுவதற்கே அது வழி. காயின் அகன்ற முனையில் உள்ள பிளவிலிருந்து முளை வரும். அரை அடி அளவு வளர்ந்ததும் நடலாம்.

மலையில் சித்திரை, வைகாசி நடவுக்கு ஏற்றது. 8 அடிக்கு 6 அடி இடைவெளியில் ஒன்றரை அடிக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டு, குழிக்கு இரண்டு மூன்று காய்களைச் சாய்த்து வைக்க வேண்டும். காயை முழுவதும் புதைக்காமல் காம்பு முனை சற்று வெளியே தெரியட்டும். நட்ட ஐந்தாறு மாதத்தில் காய்க்கு வரும். குளிர்ச்சியை விரும்பும் கொடியானாலும் உறைபனியைத் தாங்காது, தளிர் கருகிவிடும். குளிர்காற்று இறங்கித் தேங்கும் பள்ளங்களைத் தவிர்த்து, சரிவான இடத்தில் நடுவது அதனால்தான். கருகிய கொடியை உடனே பிடுங்கி எறிய வேண்டாம். வேர் பிழைத்திருந்தால் மறுபடி துளிர்க்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 13 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்கு உகந்தது. 28 டிகிரிக்கு மேல் போனால் கொடி மட்டும் காடாகப் படரும். பூவும் பிஞ்சும் உதிரும். செங்கல்பட்டுச் சீமையில் பெரும்பாலான மாதங்களில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுகிறது. மேலும், பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி நேரமாகக் குறைந்த பிறகே கொடி பூக்கத் தொடங்கும். கோடையில் இலை பச்சைப்பசேல் என்றிருப்பதைப் பார்த்து ஏமாந்து மேலும் மேலும் உரம் இடுவது வீண் செலவு.

ஆகவே இங்கே சௌசௌவை நம்பிக் கால் ஏக்கர் பந்தல் போடுவதை நான் சொல்ல மாட்டேன். பந்தல் போடத்தான் போகிறீர்கள் என்றால் புடலும் பாகலும் இருக்கின்றன. ஆசைக்குக் கிணற்றடியில் இரண்டு கொடி வைத்துப் பாருங்கள். ஆடியில் நட்டால் மார்கழிக் குளிருக்குப் பூப்பருவம் ஒத்துவரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் மண்ணை மேடாக அணைத்து அதன்மேல் நடுங்கள். மேற்கு வெயிலை மறைக்க ஒரு மரமோ தட்டியோ இருந்தால் நல்லது. மாசியில் வெயில் ஏறியதும் பிஞ்சுகள் உதிரத் தொடங்கலாம். திரண்ட காய்களை அதற்குள் பறித்துவிட வேண்டும்.